எண்ணூர் புகைபோக்கியும் மீனம்பாக்கம் ஓடுபாதையும்

"சார், பழைய கதை ஏதாவது எழுதிக் கொடுங்க. ஆனா நம்ம ஏரியா சம்பந்தப்பட்டதா இருக்கணும்" என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். ராயபுரம் ரயில் நிலையத்தைப் பற்றி எழுதலாமா, துறைமுகத்தைப் பற்றி எழுதலாமா என்று யோசித்தேன். அவற்றைப் பற்றி எழுதாத மலரே வடசென்னையில் கிடையாது. அப்போதுதான் கல்லூரி நாளில் எங்களுக்குள் எழுந்து, விடை தெரியாமலே போன ஒரு கேள்வி நினைவுக்கு வந்தது.

மாலை வகுப்பு முடிந்ததும் மொட்டை மாடிக்கு ஏறி அரட்டை அடிப்பது எங்கள் வழக்கம். இருட்டியபின் வடக்கே பார்த்தால் எண்ணூர் அனல் மின்நிலையத்துப் புகைபோக்கிகளின் மேலே சிவப்பு விளக்குகள் தெரியும். "கரண்ட் தயாரிக்கிறவனே கரண்டை வீணாக்குறான் பாரு" என்பான் ஒருவன். "அது புகை எவ்வளவு வருதுன்னு பார்க்கிற லைட்டுடா" என்பான் இன்னொருவன். "பிளேனுக்கு" என்று மூன்றாமவன் சொன்னபோது எல்லோரும் சிரித்தோம். ஏரோப்ளேன் இறங்குவது மீனம்பாக்கத்தில். எண்ணூரில் அதற்கு என்ன வேலை என்று கேட்டு அவனை மடக்கிவிட்டோம்.

மூன்றாமவன் சொன்னதுதான் சரி என்று பிற்காலத்தில் தெரிந்தது. அப்படிச் சொன்னவனே படிப்பை முடித்து, விமான நிலையத்தில் மின் பிரிவில் சேர்ந்து, ஓடுபாதை விளக்குகளோடு காலம் கழித்து ஓய்வு பெற்றான் என்பது வேடிக்கை. அவனிடம் கேட்டதும் நான் படித்ததும் சேர்ந்ததே இக்கட்டுரை.

கடலுக்கு ஏற்றிய விளக்கு

இருட்டில் வருகிறவனுக்கு வழிகாட்டும் கலையை ஆகாய விமானம் கடலிடமிருந்துதான் கற்றது. நம் கரையில் அந்தக் கலைக்கு வயது 200-க்கு மேல்.

1796-இல் புனித ஜார்ஜ் கோட்டைக்குள், இன்று அருங்காட்சியகமாக இருக்கும் கட்டடத்தின் மாடியில், தேங்காய் எண்ணெய் விளக்குகளை ஏற்றி வைத்தார்கள். சென்னையின் முதல் கலங்கரை விளக்கம் அதுதான். அப்போது இங்கே துறைமுகம் இல்லை. கப்பல் கடலிலேயே நங்கூரம் பாய்ச்சி நிற்கும். ஆளையும் சரக்கையும் மசூலாப் படகுகள் கரை சேர்க்கும். 1844-இல் கோட்டைக்கு வடக்கே கருங்கல் தூண் ஒன்று எழும்பி விளக்கு அதற்கு மாறியது. உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் அந்தத் தூண் இன்றும் நிற்கிறது. 1894-இல் விளக்கு உயர் நீதிமன்றக் கட்டடத்தின் கோபுரத்துக்கே ஏறிவிட்டது. நீதியும் வெளிச்சமும் ஒரே கூரையில் என்று அக்காலத்து வக்கீல்கள் பெருமைப்பட்டிருக்கக்கூடும்! மெரினாவில் இன்று நாம் காணும் நான்காவது விளக்கம் 1977-இல் வந்தது.

வெளிச்சத்தால் வந்த வினையும் நமக்குத் தெரியும். 1914 செப்டம்பர் 22 இரவு. உலகப் போர் தொடங்கி ஒன்றரை மாதம் ஆகியிருந்தும் சென்னை வழக்கம்போல் விளக்கேற்றி வைத்துக்கொண்டு இருந்தது. கலங்கரை விளக்கமும் எரிந்துகொண்டிருந்தது. கேப்டன் கார்ல் ஃபான் முல்லரின் 'எம்டன்' என்ற ஜெர்மன் போர்க்கப்பல் அந்த வெளிச்சத்தை வைத்தே நெருங்கி வந்து, தன் தேடு விளக்கைப் பாய்ச்சி, துறைமுகத்தை அடுத்திருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குறிபார்த்துச் சுட்டது. ஏறத்தாழ 130 குண்டுகள். தொட்டிகள் பற்றி எரிந்தன. துறைமுகத்தில் நின்ற கப்பல் ஒன்றிலும் குண்டு பட்டு உயிர்ச்சேதம் உண்டாயிற்று. ஊரே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியது. "அவன் பெரிய எம்டன்டா" என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அந்தச் சொல் நம் துறைமுகத்தில் பிறந்தது.

பாடம் அடுத்த போரில் பலித்தது. இரண்டாம் உலகப் போரின்போது சென்னை இருட்டடிப்பு செய்யப்பட்டது. தெரு விளக்குக்கு மூடி, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. அப்படியும் 1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் ஒன்று இரவில் வந்து துறைமுகப் பகுதியில் குண்டு வீசிவிட்டுப் போயிற்று.

ஆக, விளக்கு நண்பனுக்கும் வழி காட்டும், எதிரிக்கும் வழி காட்டும். அதனால்தான் விளக்கு வைப்பதற்குச் சட்டம் வேண்டியிருக்கிறது: எங்கே, எந்த நிறத்தில், எவ்வளவு வெளிச்சத்தில், யார் பொறுப்பில் என்று.

பகலில் மட்டும் பறந்த தபால்

1932 அக்டோபர் 15-ஆம் தேதி ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து ஒரு சின்ன 'பஸ் மாத்' விமானத்தில் தபால் பைகளோடு கிளம்பி, ஆமதாபாத் வழியாகப் பம்பாய் ஜுஹுவில் இறங்கினார். பள்ளிக்கூடப் பாடத்தில் கதை அத்தோடு முடிந்துவிடும். அந்தத் தபால் கடைசியாக வந்து சேர வேண்டிய ஊர் நம்ம சென்னை! பம்பாயிலிருந்து விமானத்தை ஓட்டி வந்தவர் டாட்டாவின் கூட்டாளி நெவில் வின்சென்ட். அன்று மாலை பெல்லாரி வரை வந்தார். அங்கேயே இரவு தங்கினார். மறுநாள்தான் சென்னை சேர்ந்தார்.

ஏன் பெல்லாரியில் தங்க வேண்டும்? இருட்டிவிட்டது, அவ்வளவுதான். வழியில் விளக்கும் கிடையாது, வானொலியும் கிடையாது. கீழே ரயில் பாதையையும் ஆற்றையும் குளத்தையும் பார்த்துக்கொண்டே பறக்க வேண்டும். சூரியன் மறைந்தால் பூமியும் மறைந்தது. நம் ஊர் மாட்டு வண்டிக்காரன்கூட இரவில் லாந்தரைக் கட்டித் தொங்கவிட்டுப் போய்விடுவான். ஆகாய விமானத்தால் முடியவில்லை. ரயிலோ இரவெல்லாம் ஓடும். பகலில் விமானம் சம்பாதித்த நேரத்தை இரவில் ரயில் பிடித்துவிடும். விமானத் தபால் உண்மையிலேயே வேகமாக வேண்டுமென்றால் இரவில் பறந்தே ஆக வேண்டும்.

நாக்பூரில் நள்ளிரவுச் சந்தை

சுதந்திரம் வந்தபின் தகவல் தொடர்புத் துறை மந்திரியாக இருந்தவர் ரஃபி அகமது கித்வாய். "இன்று மாலை தபால் பெட்டியில் போட்ட கடிதம் நாளைக் காலை அடுத்த மூலையில் போய்ச் சேர வேண்டும்" என்பது அவர் காலத்துத் திட்டத்தின் சாரம். 1949 ஜனவரி 30 அன்று இரவு விமான அஞ்சல் தொடங்கியது.

ஏற்பாடு எளிமையானது, அழகானது. சென்னை, பம்பாய், கல்கத்தா, டெல்லி ஆகிய நான்கு ஊர்களிலிருந்தும் இரவில் ஒவ்வொரு டகோட்டா விமானம் கிளம்பும். நான்கும் நாட்டின் நடுவிலுள்ள நாக்பூரில் நள்ளிரவுக்குப் பின் சந்திக்கும். தபால் பைகளை மாற்றிக்கொள்ளும். விடியும்போது அவரவர் ஊருக்குத் திரும்பிவிடும். மூலக்கொத்தளம் லாரி நிலையத்தில் சரக்கு மாற்றுகிற மாதிரிதான். அதே 1949-இல் உள்நாட்டுக் கடிதங்களைக் கூடுதல் கட்டணம் இல்லாமலே விமானத்தில் அனுப்பும் முறையும் வந்தது. தண்டையார்பேட்டையில் தபால் பெட்டியில் போட்ட சாதாரணக் கடிதமும் டகோட்டாவில் ஏறியது. சில பயணிகளையும் ஏற்றிக்கொண்டார்கள். முதலில் தனியார் கம்பெனிகள் நடத்தின. 1953-இல் விமான கம்பெனிகள் தேசியமயமானபின் இந்தியன் ஏர்லைன்ஸ் ஏற்றது.

டகோட்டாவுக்கு ராத்திரியில் தரை எப்படித் தெரிந்தது? மின்விளக்கு இல்லாத இடத்திலும், மின்சாரம் போன வேளையிலும் கைகொடுத்தது 'கூஸ்நெக்' என்ற மண்ணெண்ணெய் விளக்கு. பூவாளியைப் போல மூக்கு நீண்ட தகரக் குவளை. உள்ளே மண்ணெண்ணெய், மூக்கில் கனத்த திரி. இவற்றை ஓடுபாதையின் இரு ஓரமும் வரிசையாக வைத்து ஒவ்வொன்றாகக் கொளுத்திக்கொண்டே போக வேண்டும். காற்றுத் திசை மாறினால் விமானம் இறங்கும் திசையும் மாறும். மழை வந்தால்? திரும்பவும் கொளுத்த வேண்டும்! கார்த்திகை தீபத்தன்று அகல் விளக்கை அணையாமல் காப்பாற்ற நம் வீட்டுப் பெண்கள் படும் பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சேவைக்குப் பலியும் உண்டு. 1953 டிசம்பரில் நாக்பூரில் இரவில் கிளம்பிய அஞ்சல் டகோட்டா கிளம்பிய உடனே விழுந்து 13 பேர் இறந்தார்கள். கோளாறு எஞ்சினில், விளக்கில் அல்ல. ஆனால் பகலில் என்றால் கீழே ஒரு வயலையாவது தேடலாம். இரவில், ஓடுபாதையின் கடைசி விளக்கைத் தாண்டிவிட்டால் அதற்கப்பால் எல்லாம் ஒரே கறுப்பு. வேகமான விமானங்கள் வந்தபின் நாக்பூர் சந்தைக்குத் தேவை குறைந்தது. 1970-களில் அந்தச் சேவை நின்றது.

நிறங்களின் இலக்கணம்

ஒவ்வொரு நாடும் தன் இஷ்டத்துக்கு விளக்கு வைத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? சென்னையில் பச்சை என்றால் ஒரு பொருள், கொழும்பில் வேறு பொருள் என்றால் விமானி பாடு திண்டாட்டம். 1944-இல் சிகாகோவில் கூடிய நாடுகள் ஒரு சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பை உண்டாக்க ஒப்புக்கொண்டன. அவ்வமைப்பு 1951-இல் விமான நிலையங்களுக்கான விதிகளை '14-ஆவது இணைப்பு' என்ற பெயரில் ஏற்றது. இந்தியாவில் டி.ஜி.சி.ஏ. என்ற சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அதை ஒட்டியே விதிகளை வகுத்திருக்கிறது.

அந்த இலக்கணத்தை இரண்டே நிமிடத்தில் படித்துவிடலாம். அடுத்த முறை இரவு விமானத்தில் ஜன்னல் ஓரம் கிடைத்தால் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஓடுபாதை தொடங்கும் இடத்தில் குறுக்கே பச்சை. முடியும் இடத்தில் குறுக்கே சிவப்பு. இரு ஓரமும் வெள்ளை. கருவிகளின் துணையோடு இறங்கும் ஓடுபாதையில் ஒரு விளக்குக்கும் அடுத்ததற்கும் 60 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. கடைசி 600 மீட்டரில் ஓர விளக்கு மஞ்சளாகிவிடும்: "தம்பி, பாதை முடியப் போகுது" என்று அர்த்தம். நடுக்கோட்டிலும் விளக்கு உள்ள பாதையில், கடைசி 900 மீட்டரில் வெள்ளையும் சிவப்பும் மாறி மாறி வரும். கடைசி 300 மீட்டர் முழுக்கச் சிவப்பு. ஓடுபாதையை விட்டுத் திரும்பியதும், விமானம் ஊர்ந்து செல்லும் பாதையின் ஓரம் நீலம், நடுவில் பச்சை. மீனம்பாக்கத்தின் பெரிய ஓடுபாதை 3,658 மீட்டர் நீளம். 60 மீட்டருக்கு ஒன்று என்று கணக்குப் போட்டால் ஓர விளக்கு மட்டுமே இரண்டு பக்கமும் சேர்த்து 120-க்கு மேல்.

ஓடுபாதைக்கு முன்னால், விமானம் இறங்கி வரும் திசையில், 900 மீட்டர் நீளத்துக்கு இன்னொரு விளக்கு வரிசை. அதில் நடுக்கோடும் குறுக்குச் சட்டங்களும் இருக்கும். இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ ஆராய்ச்சி நிலையத்தில் கால்வர்ட் என்பவர் உருவாக்கிய அமைப்பு இது. இருட்டில் வானமும் பூமியும் சந்திக்கும் கோடு தெரியாது. இறக்கை சாய்ந்திருப்பதை விமானியால் கண்ணால் உணர முடியாது. அந்தக் குறுக்குச் சட்டம் ஒரு செயற்கை அடிவானம். அது சாய்ந்து தெரிந்தால் விமானம் சாய்ந்திருக்கிறது. 1948-49-இல் பெர்லின் நகரத்துக்கு இரவும் பகலும் விமானத்தில் உணவும் நிலக்கரியும் கொண்டுபோனபோது இந்த அமைப்பு தன் தகுதியை நிரூபித்தது.

ஓடுபாதையின் பக்கத்தில் 'பாப்பி' என்று செல்லமாக அழைக்கப்படும் நான்கு விளக்குகள். இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு தெரிந்தால் சரியான சரிவில் வருகிறாய். நான்கும் வெள்ளை என்றால் ரொம்ப உயரம். நான்கும் சிவப்பு என்றால் ரொம்பத் தாழ்வு, ஆபத்து.

என் நண்பன் சொன்ன மின்சார விஷயம் இதையெல்லாம்விட எனக்குப் பிடித்தது. கல்யாண வீட்டில் மாட்டுகிற சீரியல் பல்பில் ஒன்று போனால் சரம் முழுக்க அணைந்துவிடும், பார்த்திருக்கிறோம். ஓடுபாதை விளக்கும் சீரியல் இணைப்புதான்! கிலோமீட்டர் கணக்கில் நீளும் கம்பியில் முதல் விளக்கும் கடைசி விளக்கும் ஒரே பிரகாசத்தில் எரிய வேண்டுமென்றால் எல்லாவற்றிலும் ஒரே அளவு மின்னோட்டம் பாய வேண்டும். வழக்கமான அளவு 6.6 ஆம்பியர். அப்படியானால் ஒரு பல்பு போனால்? ஒவ்வொரு விளக்குக்கும் தரைக்கடியில் தனியாக ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர். பல்பு போனாலும் மின்னோட்டம் அதன் வழியே தொடரும், மற்றவை எரியும். அதோடு ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டு தனித்தனிச் சுற்று. ஒரு சுற்று முழுக்கப் படுத்துவிட்டாலும் பாதி விளக்காவது மிஞ்சும். பாதையின் வடிவம் கலையாது.

வெளிச்சத்தையும் படிப்படியாகக் கூட்டலாம், குறைக்கலாம். மூடுபனியில் கூட்டுவார்கள். தெளிந்த இரவில் குறைத்துவிடுவார்கள். இல்லாவிட்டால் விமானிக்குக் கண் கூசும். நிறைய வெளிச்சம் என்றால் நல்ல வெளிச்சம் என்று அர்த்தமில்லை.

மின்சாரம் போனால்? ஓர விளக்குகளுக்கு மாற்று மின்சாரம் 15 விநாடிக்குள் வந்தாக வேண்டும். பனிமூட்டத்தில், மிகக் குறைந்த பார்வைத் தூரத்தில் இறங்கும் ஓடுபாதை என்றால் தொடக்க விளக்கு, நடுக்கோட்டு விளக்கு போன்றவற்றுக்கு ஒரே விநாடி. இறங்க வரும் பெரிய ஜெட் 15 விநாடியில் ஒரு கிலோமீட்டர் ஓடிவிடும். நம் வீட்டில் கரண்ட் போனால் தீப்பெட்டி தேடவே அதைவிட அதிக நேரம் ஆகிறது.

ரத்தத்தில் எழுதிய விதி

இவ்வளவு விளக்கு இருந்தும், அதைக் காணாமலே கீழே இறங்கினால் என்ன ஆகும்?

1973 மே 31. மாலையில் சென்னையிலிருந்து டெல்லிக்குப் புறப்பட்ட இந்தியன் ஏர்லைன்ஸ் போயிங் 737-இல் 65 பேர். டெல்லி பாலத்தை நெருங்கும்போது இரவு. புயல் காற்றும் மோசமான பார்வைத் தூரமும். ஓடுபாதைக்கு வெளியே உயர் அழுத்த மின்கம்பியில் மோதி விமானம் விழுந்தது. 48 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் மத்திய எஃகு, சுரங்கத் துறை அமைச்சராக இருந்த மோகன் குமாரமங்கலம். ஓடுபாதை கண்ணில் படாமலே, அனுமதித்த குறைந்தபட்ச உயரத்துக்குக் கீழே இறங்கியதுதான் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. அன்றைய தமிழ்ப் பத்திரிகைகளின் முதல் பக்கத்தை நம் மூத்த மாணவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இங்கேதான் விளக்கு விதியின் உயிர் இருக்கிறது. குறிப்பிட்ட உயரம் வரை கருவியை நம்பி இறங்கலாம். அந்த உயரத்தில் அணுகு விளக்கோ ஓடுபாதை விளக்கோ தெரிந்தால் தொடரலாம். தெரியாவிட்டால் மறுபேச்சு இல்லாமல் மேலே ஏற வேண்டும். "இன்னும் கொஞ்சம் இறங்கினா தெரிஞ்சிடும்" என்பதற்கு இடமே கிடையாது. அந்த 'இன்னும் கொஞ்சம்' எத்தனை குடும்பங்களை அழித்திருக்கிறது என்பதை உலக விபத்துப் பட்டியல் சொல்லும்.

தப்பான விளக்கைத் தொடர்ந்து போனால்? 2000 அக்டோபர் 31 இரவு தைபேயில் சூறாவளி மழை. லாஸ் ஏஞ்சல்ஸ் செல்ல வேண்டிய சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஜம்போ, தனக்குக் கொடுத்த ஓடுபாதைக்குப் போகாமல், பக்கத்தில் பழுதுவேலைக்காக மூடியிருந்த ஓடுபாதையில் ஏறி வேகமெடுத்தது. கட்டுமானச் சாதனங்களில் மோதி 83 பேர் மாண்டனர். தவறான பாதைக்குத் திரும்பும் வளைவில் பச்சை விளக்குகள் நெருக்கமாக, தெளிவாக இருந்தன; சரியான பாதைக்கு நேரே செல்லும் வழியில் விளக்குகள் அரிதாக இருந்தன, அவற்றிலும் சரியாக எரியாதவை உண்டு. 2006 ஆகஸ்டில் அமெரிக்காவின் லெக்சிங்டனில் விடிவதற்கு முன் நடந்தது இதற்கு நேர்மாறு. விளக்கே எரியாத குட்டை ஓடுபாதையில் ஒரு விமானம் தவறாக ஏறி ஓடியது. இருட்டாக இருக்கிறதே என்ற எச்சரிக்கை கண்ணெதிரே இருந்தும் நிற்கவில்லை. 50 பேரில் 49 பேர் போய்விட்டார்கள்.

எரியும் விளக்கு பேசுகிறது, அணைந்த விளக்கும் பேசுகிறது. இரண்டையும் கேட்கத் தெரிய வேண்டும்.

சரி, எண்ணூருக்கு என்ன வேலை?

இப்போது மொட்டை மாடிக் கேள்விக்கு வருவோம். மீனம்பாக்கம் எங்கே, எண்ணூர் எங்கே?

விதி சொல்வது இது: விமான நிலையத்தைச் சுற்றி வரையறுத்த எல்லைக்கு வெளியே இருந்தாலும், தரையிலிருந்து 150 மீட்டருக்கு மேல் உயர்ந்த எதுவும் விமானத்துக்குத் தடையாகவே கருதப்பட வேண்டும். பகலில் தெரியச் சிவப்பு வெள்ளைப் பட்டை. இரவில் தெரியச் சிவப்பு விளக்கு. விமானம் எப்போதும் நேர்கோட்டில் வருவதில்லையே! மேகம் தாழ்ந்த ராத்திரியில் வழி விலகி வரும் ஹெலிகாப்டருக்கு அந்தச் சிவப்புதான் "இங்கே நான் நிற்கிறேன்" என்று குரல் கொடுக்கும்.

புகைபோக்கிக்கு மட்டும் ஒரு தனிச் சலுகை உண்டு. மற்றக் கோபுரங்களில் விளக்கு உச்சியில் இருக்கும். புகைபோக்கியில் உச்சிக்குச் சற்றுக் கீழே வைக்க வேண்டும். ஏனென்றால் புகைக் கரி படிந்து விளக்கு மங்கிவிடும். துணி காயப்போட்டால் கறுத்துப்போகிற எண்ணூர், எர்ணாவூர் தாய்மார்களுக்கு இந்த விதியின் நியாயத்தை யாரும் விளக்கத் தேவையில்லை!

1970 முதல் 1975 வரை ஐந்து அலகுகளாக எழுந்து, 450 மெகாவாட் தந்த எண்ணூர் அனல் மின்நிலையம் 2017 மார்ச் 31-இல் மூடப்பட்டது. அத்திப்பட்டுப் பக்கம் வடசென்னை அனல் மின்நிலையமும் வல்லூர் மின்நிலையமும் வந்துவிட்டன. சிவப்பு விளக்குகள் இன்னும் வடக்கே தள்ளிப்போயின.

அதே 2017-இல், ஜனவரி 28 விடியற்காலை இருட்டில், எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. ஒன்று எரிவாயுக் கப்பல், ஒன்று எண்ணெய்க் கப்பல். எண்ணெய் கசிந்து எர்ணாவூர், திருவொற்றியூர் கரையெல்லாம் தார்போல் படிந்தது. வாளியால் அள்ளிய இளைஞர்களில் கல்லூரி மாணவர்களும் இருந்தார்கள். காசிமேட்டு மீன் வியாபாரம் படுத்துப்போனது. விளக்கு, ரேடார், வானொலி எல்லாம் உள்ள காலத்தில் நடந்தது இது. 1914-இல் எதிரி வந்து எண்ணெயைக் கொட்ட வைத்தான்; 2017-இல் எதிரியே தேவைப்படவில்லை.

கப்பலுக்கும் விமானத்துக்கும் உள்ள உறவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரவில் மேலே பறக்கும் விமானத்தின் இடது இறக்கையில் சிவப்பும் வலது இறக்கையில் பச்சையும் இருக்கும். கப்பலிலும் அதேதான், விமானம் அதைக் கப்பலிடம் கடன் வாங்கியது. எதிரே தெரியும் விளக்குகளில் சிவப்பு உங்களுக்கு வலப்பக்கமும் பச்சை இடப்பக்கமும் இருந்தால் அது உங்களை நோக்கி வருகிறது. காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுகிற அண்ணனுக்கு இது அத்துப்படி. நாம்தான் டிகிரி வாங்கியும் தெரியாமல் இருந்தோம்.

நாம் என்ன செய்ய வேண்டும்?

ஓடுபாதை விளக்கு ஏதோ அதிகாரிகள் சமாச்சாரம், நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். விமான நிலையத்துக்கு அருகே விமானியைக் குழப்பும்படியோ கண் கூசும்படியோ விளக்கு வைக்கக் கூடாது என்று 1937-ஆம் ஆண்டு விமான விதிகளிலேயே இருக்கிறது. லேசர் என்ற ஒன்றை அன்று யாரும் கனவில்கூடக் கண்டதில்லை. ஆனால் 2025 மே, ஜூன் மாதங்களில் சென்னையில் இறங்க வந்த விமானங்களின் மீது யாரோ லேசர் ஒளியை அடித்தார்கள். விளையாட்டுக்குத்தான் செய்திருப்பார்கள். இறங்குவதற்குச் சில நிமிடம் முன்பு, இருட்டுக்குப் பழகிய கண்ணில் அந்த ஒளி பட்டால் இந்தக் கட்டுரையில் சொன்ன விளக்கு எதுவுமே விமானிக்குத் தெரியாது. மாணவத் தம்பி தங்கைகள் பேட்டையில் இதை நாலு பேருக்குச் சொல்ல வேண்டும்.

விளக்கு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2015 டிசம்பர் வெள்ளத்தில் பார்த்தோம். அடையாற்று வெள்ளம் புகுந்து சென்னை விமான நிலையம் மூடப்பட்டது. சில நாள் கழித்துத் திறந்தபோது முதலில் பகல் வெளிச்சத்தில்தான் பயணிகள் விமானங்களை விட்டார்கள். அத்தனை பெரிய நவீன விமான நிலையம், ஒரு வெள்ளத்தில், 1932-க்குத் திரும்பிவிட்டது! மதுரைக்கு 24 மணி நேர விமான சேவை 2024 அக்டோபரில்தான் கிடைத்தது. இரவில் விமானம் இறங்குவது என்பது ஓர் ஊருக்குத் தானாக வந்துவிடுகிற உரிமையல்ல. விளக்கு, மாற்று மின்சாரம், ஆள், கண்காணிப்பு எல்லாம் சேர்ந்து நடக்கிற ஏற்பாடு.

என் நண்பனிடம், "இத்தனை வருஷத்தில் உனக்கு மறக்க முடியாத சம்பவம் என்ன?" என்று கேட்டேன். பெரிய சாகசக் கதை வரும் என்று எதிர்பார்த்தேன். அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஒண்ணும் இல்லைடா. அதுதான் என் சர்வீஸ்" என்றான். இரண்டு விமானங்களுக்கு நடுவே கிடைக்கும் சில நிமிடத்தில், டவரில் அனுமதி வாங்கிக்கொண்டு ஜீப்பில் ஓடுபாதைக்குள் ஓடி, போன பல்பை மாற்றி, கண்ணாடியில் படிந்த ரப்பர் கரியைத் துடைத்து, "வெளியே வந்துட்டோம்" என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்பது. அடுத்த விமானம் தலைக்கு மேலே இறங்கும். உள்ளே நூற்றுக்கணக்கானவர்கள். யாருக்கும் இவன் பெயர் தெரியாது. "லைட் எரிஞ்சா ஒருத்தரும் நம்மைக் கேட்க மாட்டாங்க. அணைஞ்சாதான் நம்ம பேரு தெரியும்" என்றான்.

நம் கல்லூரியிலிருந்து கலெக்டர் வந்தார், டாக்டர் வந்தார், விஞ்ஞானி வந்தார் என்று இந்த மலரின் மற்ற பக்கங்கள் சொல்லும். சொல்ல வேண்டியதுதான். அந்தப் பட்டியலில் இடம் பெறாதவர்கள் துறைமுகத்திலும் ரயில்வேயிலும் மின்நிலையத்திலும் மூன்றாவது ஷிப்டில் எத்தனையோ பேர். 1796-இல் கோட்டை மாடியில் தேங்காய் எண்ணெய் ஊற்றியவர் பெயரும், டகோட்டாவுக்காகக் காற்றில் கூஸ்நெக் கொளுத்தியவர் பெயரும் எந்தச் சரித்திரத்திலும் இல்லை. கப்பல் கரை சேர்ந்தது, விமானம் இறங்கியது. அவர்களுக்குரிய கல்வெட்டு அதுதான்.

அடுத்த சங்கமத்துக்கு வரும்போது, இருட்டியபின் ஒருமுறை மொட்டை மாடிக்கு ஏறி வடக்கே பாருங்கள். சிவப்பு விளக்கு தெரிந்தால், "கரண்டை வீணாக்குறான்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அன்று அவனைப் பார்த்துச் சிரித்ததற்கு அவனிடம் நான் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். கூடச் சிரித்த மற்றவர்களும் இந்த மலரைப் படித்தால் கேட்டுவிடுங்கள். அவன் அடுத்த சங்கமத்துக்கும் வருவான்.